தங்கமணியின் பெயரில் ஓடிய நிரல்

இதைப் படிக்கும் உங்களை நான் நீதிபதியாக அமர்த்தவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. அதைத் தவறாகச் சொன்னவனும் நான்தான். நடந்ததை நடந்தபடி கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்களைவிடப் பொருத்தமான சாட்சிகள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

நான் தொழிலை விட்டு விலகிச் சில மாதங்களே ஆகின்றன. ஓய்வு என்று சொல்ல வயது போதாது, முப்பத்தைந்துதான். ஆனால் களைப்பு போதும். பெரியநாயக்கன்பாளையத்தில் கிணற்று மோட்டார் செய்யும் அந்த ஆலையில் பதினொரு ஆண்டுகள் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். போத்தனூரிலிருந்து பேருந்து மாறி வந்து சேர்வதற்குள் மூன்று முறை கைப்பேசி அடித்துவிடும். பிரிண்டர் நின்றாலும் நான், மின்விசிறி நின்றாலும் நான். விலகும்போது எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த நிரல் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையெல்லாம் உங்களுக்காக எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் குறிப்பில் எழுத முடியாமல் போனது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லூரியில் நான் மேடைப் பேச்சாளன். எந்த அணியில் போட்டாலும் அந்த அணியை வெல்ல வைப்பேன் என்பது என் பெருமை. எதிரணி வாய் திறக்கும் முன்பே அதன் வாதத்தை எடுத்துச் சொல்லி முறித்துவிடுவேன். சுழற்கோப்பைகள் வாங்கியிருக்கிறேன். ஆலையிலும் ஆண்டு விழா என்றால் ஒலிவாங்கி என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமை முழுதாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி தங்கமணியை அறிமுகப்படுத்துகிறேன். ஆலையின் டெஸ்ட் பெஞ்சில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். செய்து முடித்த ஒவ்வொரு மோட்டாரும் அவர் முன்னால் ஒருமுறை ஓடியாக வேண்டும். பெஞ்சு அதன் அளவுகளைக் காட்டும். அளவு சரியாக இருந்தால் பாஸ். ஆனால் தங்கமணி பெஞ்சு சொன்னதோடு விடமாட்டார். ஓடும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். பிறகுதான் அடுத்ததை ஏற்றச் சொல்வார்.

அந்த ஆலையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. சந்தேகப்பட்ட மோட்டாரை யாரும் நிறுத்தி வைக்கலாம். ஆனால் நிறுத்தியவர் மட்டுமே அதை விடுவிக்கலாம். கணினி வருவதற்கு முன்னால், நிறுத்துகிறவர் மோட்டாரில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டுவாராம். கட்டிய கைதான் அதை அவிழ்க்க வேண்டும். மேலாளரே அவசரப்பட்டாலும் கட்டியவரைத் தேடிப்போய்க் கேட்டாக வேண்டும். கணினி வந்தபோது அந்த விதி அப்படியே தலைமை அலுவலகத்தின் தரவுத்தளத்துக்குள் போயிற்று. எந்தப் பயனர் பெயரில் நிறுத்தம் பதிவானதோ, அந்தப் பெயரில் வந்தால்தான் அது நீங்கும். தரவுத்தளம் இருந்தது அவிநாசி சாலையில், எங்களுக்கு வெகு தூரத்தில். ஆனால் விதி எங்களுடையது.

தொடக்கத்தில் தங்கமணியே பெஞ்சின் அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து அந்தத் தரவுத்தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையைத் தானாகச் செய்ய நான் ஒரு நிரல் எழுதினேன். தினமும் பத்து மணிக்கு அது எழுந்து, பெஞ்சின் அளவுகளை எடுத்துக்கொண்டு, தலைமை அலுவலகத்தின் கதவைத் தட்டி உள்ளே வைத்துவிட்டு வரும். கதவைத் தட்ட ஒரு பெயர் வேண்டுமல்லவா? நிரலுக்கென்று தனிப் பயனர் பெயர் கேட்டு விண்ணப்பித்தேன். படிவத்தில் பணியாளர் எண், பிறந்த தேதி, ரத்த வகை என்று கட்டங்கள் இருந்தன. நான் கோடு போட்டு அனுப்பினேன். “முழுமையாக நிரப்பவும்” என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்த காதர் பாய் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கோட்டைமேட்டுக்காரர், எதையும் சிரிக்காமல் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பவர்.

“ஏனுங் தம்பி, பொறந்த தேதிக்கு நீங்க அத எழுதி முடிச்ச தேதியப் போட்டு உடுங்க. ரத்த வகைக்கு கரண்டுன்னு எழுதிப்போடுங்க. போய்ச் சேந்துரும்.”

தங்கமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம், “அது வர்ற வரைக்கும் என்ற பேருலயே ஓட்டிக்கங்க தம்பி. இத்தன நாளும் நாந்தான அடிச்சிட்டு இருந்தேன்? இனி எனக்குப் பதிலா அது அடிக்கப் போவுது. பேரு என்னங்க, எடுத்தாத் தேஞ்சா போயிரும்?” என்றார்.

“ஒரே வாரந்தானுங்க அக்கா” என்றேன்.

அவருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் நிரலுக்குள் எழுதினேன். அன்று முதல் அது ஓடியது. ஒரு நாளும் நிற்கவில்லை. நிற்காத வண்டியின் அடியில் யார் குனிந்து பார்க்கிறார்கள்? அந்தப் படிவத்தை நான் இரண்டாம் முறை நிரப்பவே இல்லை. ஒரு வாரம் என்றது இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. நிரல் யார் பெயரில் உள்ளே போகிறது என்பதையே நான் மறந்து போனேன். இந்த மறதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு நடந்த எதிலும் எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லாததால் யாருக்கும் எந்த நன்மையும் விளையவில்லை.

கோடையின் தொடக்கம். மோட்டாருக்கு எல்லாப் பக்கமும் கிராக்கி. அன்று காலை பெஞ்சுக்கு வந்தவற்றில் பதினெட்டு மோட்டார்களின் வைண்டிங், அதாவது கம்பி சுற்றும் வேலை, வெளியே ஒரு பட்டறையில் நடந்தது. பட்டறை தங்கமணியின் கொழுந்தனாருடையது. பெஞ்சு பதினெட்டுக்கும் பாஸ் காட்டியது. தங்கமணி கையை வைத்துப் பார்த்தார். காதர் பாயைக் கூப்பிட்டு அவர் கையையும் வைக்கச் சொன்னார்.

“பெஞ்சு பாஸுங்குது பாய். ஆனாச் சுடுது பாருங்க. கெணத்துக்குள்ள எறங்குனா ஒரு மாசம் தாங்காது.”

“உங்க கொழுந்தனாரு பட்டறச் சரக்குங்களே அக்கா. ஊட்டுக்குப் போனா சோறு கெடைக்குமுங்களா?”

“சோறு நாந்தானுங் ஆக்கறேன்” என்றார் தங்கமணி.

பதினொன்று நாற்பதுக்குப் பதினெட்டையும் நிறுத்தினார். பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கொழுந்தனாரை அழைத்து, சரக்கைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேர அனுமதி வாங்கி, வாசல் நோட்டில் கையெழுத்திட்டு, மகளின் சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனார். மாலையில் பார்த்தபோது, நிறுத்திய சரக்கை வைக்கும் அலமாரியில் மோட்டார்கள் இல்லை. கொழுந்தனார் எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் மூன்று மணிக்கே காதர் பாயின் திரையில் பதினெட்டும் பாஸ் என்று காட்டியிருந்தன. தங்கமணி மறுபடி பார்த்து விடுவித்திருப்பார் என்று நம்பி, அவர் லாரியில் ஏற்றிக் கொடுமுடிக்கு அனுப்பிவிட்டார்.

மூன்று வாரத்தில் கொடுமுடி வியாபாரி அழைத்தார். மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் புகைகின்றன. மஞ்சளும் கரும்பும் வாடுகின்றன. விவசாயிகள் கடை வாசலில் நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மேலாளரின் அறையில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மேற்பார்வையாளர்கள் நால்வரும் காதர் பாயும் தங்கமணியும் இருந்தார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, “நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே. கம்ப்யூட்டர்ல என்ன இருக்குதுன்னு எல்லாருக்கும் வெளங்கறாப்புல சொல்லிப்போடுங்க” என்றார்.

அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். எழுந்து நின்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன் என்றுகூட நினைவு.

“பதினொன்று நாற்பதுக்கு நிறுத்தம். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு உறவினருக்குத் தொலைபேசி. பன்னிரண்டு இருபதுக்கு விடுவிப்பு. மூன்று நேரங்கள், ஒரே கை. நிறுத்தியவரைத் தவிர வேறு யாராலும் விடுவிக்க முடியாது என்பது இந்த ஆலையின் விதி. பதிவேட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர்.”

தங்கமணி எழுந்தார். “நிறுத்துனது நாந்தானுங்க. உட்டது நானில்லீங்க. அந்நேரத்துக்கு நான் இ-சேவை வரிசையில நிக்கறேன். கேட்டு நோட்டுல கையெழுத்து இருக்குது, பாத்துக்கங்க.”

எதிரணி இதைத்தான் சொல்லும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன்.

“கையெழுத்துப் போடக் கை வேண்டும். கடவுச்சொல்லுக்குக் கை தேவையில்லை. எங்கோ வரிசையில் நின்றுகொண்டு யாரிடமாவது சொன்னால் போதும். அந்தப் பெயரில் எவரும் உள்ளே வரலாம்.”

அதிகாரி தலையசைத்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த ‘எவரும்’ யார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. சாட்சிகளே, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தங்கமணி என்னைப் பார்த்தார். “ஏனுங் தம்பி, உங்க மெசினு எதாச்சும் மாத்திப்போட்டிருக்குமுங்களா? அதுவும் தெனமும் போவுதில்லீங்களா, அது என்ற…”

முடிக்க விடவில்லை. “இயந்திரம் தானாக எதையும் முடிவு செய்வதில்லை அக்கா. மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். மாட்டிக்கொண்டால் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள்.”

இரண்டு மேற்பார்வையாளர்கள் சிரித்தார்கள். தங்கமணி உட்கார்ந்துவிட்டார். நான் வென்றுவிட்டேன்.

திங்கட்கிழமை நீக்கக் கடிதம் தருவது என்று முடிவாயிற்று. அது ஒரு வேலையின் முடிவு மட்டுமல்ல என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கணபதிப் பகுதி வரை மோட்டார் ஆலை வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். உறவுக்காரனுக்காகக் கெட்ட சரக்கை விட்டவள் என்ற பேச்சோடு வெளியே போகும் பெண்ணை இந்தப் பக்கத்தில் எந்த டெஸ்ட் பெஞ்சும் சேர்க்காது. மேலாளர் சொன்னபடி அன்று மாலையே தலைமை அலுவலகத்தை அழைத்து, தங்கமணியின் பயனர் பெயரை முடக்கச் சொன்னேன். வெளியே வரும்போது காதர் பாய் என்னோடு நடந்தார்.

“பேசுனது நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா அந்தம்மா அப்பிடிப் பண்ற ஆளு இல்லீங்க.”

“நான் ஆளைப் பத்திப் பேசல பாய். ஆதாரத்தைப் பத்திப் பேசறேன்.”

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. பத்தரை மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

“சார், இன்னிக்கு உங்க ரீடிங் வரலைங்களே. லைன் போயிருச்சுங்களா?”

லைன் இருந்தது. நிரலைத் திறந்து பார்த்தேன். திரையில் ஒரே ஒரு வரி: தங்கமணி என்ற பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘நீக்கப் போகிறோம் என்று தெரிந்தும் இந்த அம்மா எதற்கு உள்ளே நுழையப் பார்க்கிறார்?’ என்பதுதான். அவ்வளவு ஆழமாக மறந்திருந்தேன். அடுத்த மூச்சில் நினைவு வந்தது. சிரித்தபடி அவர் தன் பெயரைக் கொடுத்ததும், ஒரே வாரம் என்று நான் சொன்னதும்.

நிரல் தன் வேலையைத் தானே குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஒன்று உண்டு. மோட்டார்கள் போன அந்த நாளைப் புரட்டினேன். பத்து மணிக்கு அளவுகளை அனுப்பத் தொடங்கியிருக்கிறது. பாதியில் இணைப்பு அறுந்திருக்கிறது. சாலையில் ஜேசிபி எங்கேயோ கேபிளைத் தோண்டிவிட்ட நாள் அது. பதினொன்று இருபதுக்கு மறுபடி முயன்று தோற்றிருக்கிறது. சற்று நேரத்தில் லைன் திரும்பியிருக்கிறது; பதினொன்று நாற்பதுக்குத் தங்கமணியால் நிறுத்தத்தைப் பதிய முடிந்தது அப்படித்தான். நிரல் தன் அடுத்த முறை வந்த பன்னிரண்டு இருபதுக்குத்தான் எழுந்து, காலை அளவுகள் அத்தனையையும் முதலிலிருந்து மீண்டும் அனுப்பியிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்கு என்று எழுதியிருக்க வேண்டியவன், சோம்பலில் முதலிலிருந்து என்று எழுதியிருந்தேன். அந்தக் காலை அளவுகளில் பதினெட்டு மோட்டாரும் பாஸ். நடுவில் தங்கமணி நிறுத்தியது நிரலுக்குத் தெரியாது. நிறுத்தத்தின் மேல் பாஸ் என்று எழுதப் போனது. வேறு பெயரில் போயிருந்தால் தரவுத்தளம் வாசலிலேயே மறித்திருக்கும். அந்த விதி அதற்காகத்தானே இருந்தது? ஆனால் வந்தது தங்கமணி. கட்டிய கையே அவிழ்க்க வந்ததென்று அது நம்பிவிட்டது.

தொலைபேசியில் அந்தப் பெண் இன்னும் காத்திருந்தார். “சார், அந்த யூசர லாக் பண்ணிட்டோமே, அதனாலயா இருக்குமுங்களா? வேணும்னா உங்க ஸ்கிரிப்டுக்கு நான் ஒரு புது யூசர் போட்டு உடறேன். ஃபார்ம் அப்புறமா அனுப்பிக்கங்க.”

இரண்டு ஆண்டுகளாக வராத பெயர் இரண்டே நிமிடத்தில் வந்தது. அதை நிரலில் எழுதிவிட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஓடும். பழைய பெயர் அங்கே இருந்ததற்கான அடையாளம் என் கணினியைத் தவிர எங்கும் இருக்காது. அந்த நாட்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவன் ஆலையில் நான் ஒருவன்தான்.

பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குள் இருந்த பேச்சாளன் சும்மா இருக்கவில்லை. கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுத்தது அவருடைய தவறுதானே என்றான். நிறுத்திய மோட்டார்கள் எங்கே போயின என்று அவர் ஒருமுறை கேட்டிருக்க வேண்டாமா என்றான். நீ இதைச் சொன்னால் நாளை ஆலையில் கணினி சொல்லும் எதையும் எவரும் நம்பமாட்டார்கள், அதனால் எத்தனை பேருக்குக் கேடு என்றான். வாதம் ஒவ்வொன்றும் வலுவாக இருந்தது. மௌனத்தின் அணிக்காக நான் பேசியிருந்தால் கோப்பை எனக்குத்தான். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. உங்களுக்கும் இப்படி ஒரு மணி நேரம் வரும். அப்போது உங்கள் வாதம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைச் சந்தேகியுங்கள்.

காதர் பாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “தம்பி, லாரி நிக்குது. இன்னிக்கு பாஸ் லிஸ்டே வரலியே, என்ன சோலி பாத்துட்டு இருக்கறீங்க?”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். மெல்லப் படித்தார். நாட்குறிப்பின் அந்தப் பன்னிரண்டு இருபதையும் காட்டினேன்.

“அப்ப அன்னிக்கு உட்டது…”

“என் நிரல் பாய். அக்கா பேருல.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “யா அல்லா. அத நம்பித்தானுங் நான் லோடு ஏத்துனேன்.” என் பக்கம் திரும்பிக் கேட்டார். “எப்பத் தெரிஞ்சுது?”

“பத்தரைக்கு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. என்னைத் திட்டவில்லை. “ஒரு மணிக்கு ஆபீசச் சாத்திருவாங்க. திங்கக்கெழம வந்தா லெட்டரக் கையில குடுத்துருவாங்க. நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமுங்களா?” என்றார்.

என் மனசாட்சிதான் என்னை எழுப்பியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்விதான் எழுப்பியது.

மேலாளர் புறப்படத் தயாராக நின்றிருந்தார். நாட்குறிப்பை அச்செடுத்து நான் கொடுத்த இரண்டு தாள்களையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்து மூணு நேரம், ஒரே கைன்னு சொன்னது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க சார். கை என்னுது.”

அவர் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். “இப்பப் போயி மாத்திச் சொன்னா நம்மள என்னன்னு நெனப்பாங்க? ஒண்ணு பண்ணலாமுங்க. லெட்டரு வேண்டாம். அந்தம்மாவ பேக்கிங்குக்கு மாத்திப்போடலாம். அவங்களுக்கும் வேல போகாது, உங்களுக்கும் ஒண்ணும் வராது. என்னுங்க?”

கருணையோடுதான் சொன்னார். சொன்னதை ஏற்றுக்கொண்டிருந்தால் எல்லாரும் என்னைத் தங்கமணிக்காகப் பரிந்து பேசியவன் என்றுகூடப் பாராட்டியிருப்பார்கள். ஆனால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தங்கமணி நிற்கும் ஒவ்வொரு நாளும், இவள்தான் அந்தக் கொடுமுடிச் சரக்கை விட்டவள் என்று யாராவது யாருக்காவது காட்டிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வாய் எடுத்தேன். பதினைந்து ஆண்டுகளாகக் கூப்பிட்டபோதெல்லாம் வந்த சொல் அன்று வரவில்லை. “வேண்டாங்க சார்” என்பது மட்டும் வந்தது.

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளிக்கெழம யாராரு இருந்தாங்களோ, அத்தன பேரு முன்னாலயும் நீங்களே சொல்லிப்போடுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்.”

திங்கட்கிழமை அதே அறை, அதே ஆட்கள். தங்கமணி கடிதம் வாங்க வந்தவராகக் கதவோரமாகவே நின்றார். நான் எழுந்து சொன்னேன். ‘என் நிரல். அவர் பெயரைக் கேட்டு வாங்கியது நான். ஒரு வாரம் என்று சொல்லி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தது நான். நிறுத்திய மோட்டார்களை விடுவித்தது அந்த நிரல். வெள்ளிக்கிழமை அவர் அதைச் சொல்ல வந்தபோது வாயை அடைத்ததும் நான்.’ அடுக்குமொழி இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கடைசி வரி அதிகாரிக்குக் கேட்கவே இல்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

தங்கமணிதான் பேசினார்.

“வெள்ளிக்கெழம மைக்கு இல்லாமயே கணீர்னு இருந்துச்சுங்க தம்பி. இன்னிக்குக் காதத் தீட்டிக் கேக்க வேண்டியிருக்குது.”

மேற்பார்வையாளர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“ஊட்டுல என்ன நடந்துச்சு தெரியுமுங்களா? என்ற கொழுந்தனாரு வந்தாரு. சண்டைக்கு வர்றாருன்னு நெனச்சேன். ‘எனக்காகவா அண்ணி இத்தன பெரிய காரியம் பண்ணுனீங்க’ன்னு கையெடுத்துக் கும்புடறாரு. நான் பண்ணுலன்னா நம்ப மாட்டேங்கறாரு. என்ற ஊட்டுக்காரரும் ‘பண்ணுனது பண்ணிப்போட்டே, போ’ங்கறாரு. ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேனுங்க. நன்றி சொல்றாங்க தம்பி. பத்தொம்பது வருசம் கை வெச்சுப் பாத்த பொம்பளைக்கு, கெட்ட மோட்டார உட்டதுக்கு நன்றி.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவுமில்லை, தள்ளவுமில்லை.

“என்ற பேர அதுல இருந்து எடுத்துப்போடுங்க. எடுத்துட்டேன்னு சொன்னாப் பத்தாது. நான் பாக்கோணும்.”

என் மேசைக்கு வந்தார். பின்னாலேயே காதர் பாயும் வந்தார். நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தார். அதை அழித்து, நிரலுக்கென்று வந்த பெயரை எழுதினேன். “இது புதுசா அளவு வெக்கலாம் அக்கா, ஏற்கெனவே ஒருத்தர் எழுதுனதை மாத்த முடியாது” என்று விளக்கினேன்.

“முடியாதுன்னு நீங்க சொல்றீங்க. ஓட்டிக் காட்டுங்க. நான் ஒண்ண நிறுத்தறேன். அது வந்து மாத்தட்டும், பாப்போம்.”

முடக்கிய பெயரை மீண்டும் திறக்கச் செய்தேன். அவர் தன் கையால் ஒரு மோட்டாரை நிறுத்தினார். நான் நிரலை ஓட்டினேன். தரவுத்தளம் மறுத்தது.

“இன்னொருக்காப் பண்ணுங்க.”

ஓட்டினேன். மறுத்தது.

“இப்ப முதல்ல இருந்து.”

இணைப்பைப் பிடுங்கினேன், செருகினேன், முதலிலிருந்து அனுப்ப வைத்தேன். மூன்றாம் முறையும் மறுத்தது. பெஞ்சில் மோட்டாரைப் பார்ப்பது போலவே தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“சரிங்க சார்” என்றார்.

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் அழைத்திருக்கிறார். நான் வேலையை விட்ட நாள் வரை அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எதைக் கேட்டாலும் “ஆமாங்க சார்”, “சொல்லுங்க சார்”. எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளி நிறுத்த இதைவிட நயமான வழி இல்லை.

கொடுமுடிக்குப் போன பதினெட்டு மோட்டாரும் திரும்பி வந்தன; வேறு மோட்டார்கள் போயின. அதற்குள் காய்ந்த பயிருக்கு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது போதாது என்று எனக்கே தோன்றியது. தங்கமணி பெஞ்சுக்குத் திரும்பினார். கொழுந்தனார் இப்போது அவரிடம் பேசுவதில்லை என்று காதர் பாய் சொன்னார். உண்மை தெரிந்த பிறகு நன்றிக்கு இடமில்லை அல்லவா?

அறையில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆலையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமைக் கதை மட்டும்தான். அந்தக் கதை கேன்டீனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அடுத்த வாரம், காலை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லாரும் கூடி நிற்கும் ஐந்து நிமிடத்தில் பேச அனுமதி கேட்டேன். ஒலிவாங்கி கொண்டுவரட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். தங்கமணி தன் பெஞ்சின் பக்கத்தில், கையை மேசைமேல் வைத்தபடி நின்றிருந்தார். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தேன். வேலையில் இருந்தவரை அதைக் காப்பாற்றினேன். இனி அதைக் காப்பாற்ற அங்கே இருப்பவர்கள் நீங்கள் என்பதால், சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

“என் நிரல் எதுவும் இனி இன்னொருத்தர் பேருல எந்தக் கதவையும் தட்டாதுங்க. யாராச்சும் என் முன்னால நின்னு ‘நான் பண்ணலீங்க’ன்னு சொன்னா, அவங்களை ஒரு கேள்வி கேக்கறதுக்கு முன்னால நான் எழுதுனதை முதல் வரியில இருந்து படிப்பேன். படிச்சு முடிக்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்.”